பலெர்மோவில் சதுர்த்தி என்றைக்கு

2006 அக்டோபரில், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா பகுதியில் ஒரு வீட்டைப் பங்கு போட்டுக்கொள்ளப் போனேன். கதவைத் திறந்த பெண் சமையலறைக்கு அழைத்துப் போய், அடுப்பைக் காட்டுவதற்கு முன்பே சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியைக் காட்டினாள். "இதன் மேல் எண்ணெய் தெறிக்கக் கூடாது. மற்றபடி எப்படி வேண்டுமானாலும் சமைத்துக்கொள்" என்றாள். அவள் நாசிக்கைச் சேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. நான் மதுரைக்காரி, அதே வளாகத்தில் இயற்பியல். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கும், இந்தியில் இடறி விழும், கையசைவில் எழுந்து நிற்கும். அதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். மனசுக்குள் அவளுக்கு நான் வைத்த பெயர் நாசிக்காரி.

நாட்காட்டி மராத்தியில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. திதி, நட்சத்திரம், ஏகாதசி, பிரதோஷம், எந்தத் தெய்வத்துக்கு எந்த நாள், எல்லாம் அதில் உண்டு. தாளின் பின்பக்கத்தில் சமையல் குறிப்பும் ராசி பலனும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் தோண்டாமல் விடத் தெரியாது. தேநீர் கொதிக்கும் நேரமெல்லாம் அதன் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஏதாவது கேட்டு அவள் உயிரை வாங்குவேன்.

எங்கள் மாதங்கள் சூரியனோடு நடப்பவை. ஆடி பிறந்தால் ஜூலை பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவளுடைய மாதங்கள் நிலாவோடு போகின்றன, வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்குகின்றன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சரிக்கட்ட ஒரு முழு மாதத்தையே கூடுதலாகச் செருகுகிறார்கள். 2007 கோடையில் அப்படித்தான் ஜேஷ்ட மாதம் இரண்டு தடவை வந்தது. "சம்பளமும் ரெண்டு தடவை வருமா?" என்று கேட்டேன். "வராது. மாப்பிள்ளைக்கு விருந்து வரும்" என்றாள். அந்தக் கூடுதல் மாதத்தில் மாப்பிள்ளையை அழைத்து முப்பத்து மூன்று அனரசா கொடுப்பார்களாம். அவள் கையால் காட்டிய அளவையும் சொன்ன பக்குவத்தையும் வைத்துப் பார்த்தால் அது எங்கள் அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் கணவர் நாசிக்கில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து முப்பத்து மூன்றையும் வாங்கிக்கொண்டார். பெண்டாட்டி இங்கே ஒன்றும் இல்லாமல் என் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டாள்.

அவள் அங்கே விட்டுவிட்டு வந்தது கணவரை மட்டுமல்ல. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது, முன்பல் இரண்டும் பெரிதாக உள்ள ஒரு நாலு வயசுப் பெண். மகள், நாசிக்கில் கணவரின் அம்மாவிடம் வளர்ந்தாள். அவளை இங்கே அழைத்துக்கொள்ள நாசிக்காரி குடும்ப இணைப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டின் அளவுக்குச் சான்று, வருமானச் சான்று, பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பு என்று ஒரு கோப்பு தடித்துக்கொண்டே போனது. அரசாங்கத்தின் தடையில்லாச் சான்று வந்தால்தான் விசா. ஒருமுறை மொழிபெயர்ப்பில் முத்திரை ஒன்று விடுபட்டிருந்ததால் கோப்பு திரும்பி வந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

நான் குடி வந்த அதே அக்டோபரில் அவள் ஒரு நேர்ச்சை தொடங்கியிருந்தாள். பௌர்ணமிக்குப் பிறகு வரும் சதுர்த்தி, நாம் சங்கடஹர சதுர்த்தி என்போம், அவர்கள் சங்கஷ்டி என்கிறார்கள். அன்றைக்கு நாள் முழுக்க உபவாசம். நிலா உதித்த பிறகு பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சோறு. இடைவெளி விடாமல் இருபத்தொரு சங்கஷ்டி. மகள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. ஒவ்வொரு விரதம் முடிந்ததும் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டு உள்ளே எண் எழுதுவாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அவளுக்கு ஆதரவாக இருக்கலாமே என்று முதல் சங்கஷ்டிக்குக் காலையில் எழுந்து இட்லி வார்த்தேன். எங்கள் வீட்டில் விரத நாள் என்றால் சோறு கிடையாது, பலகாரம்தான். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதில் அரிசி இருக்கிறதே?"

"இருக்கு. ஆனா இது சோறு இல்லையே."

அவளுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். மத்தியானம் அவள் தன் உபவாச உணவைச் செய்தபோது எனக்குச் சுற்றியது. ஊறவைத்த ஜவ்வரிசி, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், சீரகம், மேலே தாராளமாக நெய். வீடே மணந்தது. இதற்குப் பெயர் பட்டினியா என்று கேட்டேன். தானியம் இல்லை, வெங்காயம் இல்லை, இதைவிட என்ன வேண்டும் என்றாள். இட்லியைத் தின்றுவிட்டு விரதம் என்று சொல்லும் ஊரை அவளாலும், கடலையும் கிழங்கும் தின்றுவிட்டுச் சொல்லும் ஊரை என்னாலும் கடைசி வரை ஏற்க முடியவில்லை.

ஜவ்வரிசி வாங்கித் தந்தவர் கீழ்த்தளத்து அக்கா. இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். லிபெர்த்தா தெருவில் ஒரு இத்தாலியக் கிழவியை, அவர் சொல்லில் சினோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை. தமிழ்க் கடைக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வருவார். ஒருநாள் சட்டியில் கிடந்த நிலக்கடலையை, அவர் ஊர்ச் சொல்லில் கச்சானை, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கச்சானும் நெய்யும் போட்டு வறுத்துச் சாப்பிடுறதோ விரதம்? பெரிய வெள்ளிக்கு நாங்கள் ஒருசந்தி இருக்கிறனாங்கள், ஒருநேரச் சாப்பாட்டோடை அவ்வளவுதான். உங்கட கடவுள் நல்ல கடவுள் தங்கச்சி."

சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பலெர்மோவுக்கும் ஒரு விரதம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அடுத்த வருஷம் டிசம்பரில்தான். 2007, டிசம்பர் பதின்மூன்று. காலையில் ரொட்டி வாங்கப் போனால் கடையில் ரொட்டியே இல்லை. இன்றைக்கு சாந்தா லூசியா நாள், ரொட்டியும் பாஸ்தாவும் கிடையாது என்று கடைக்காரர் ஏதோ எனக்குப் பிறந்த தேதி தெரியாதது போல வியந்தார். பழைய காலத்தில் பஞ்சம் வந்தபோது இந்த நாளில் துறைமுகத்துக்குத் தானியக் கப்பல் வந்ததாம். மாவு அரைக்கும் பொறுமைகூட இல்லாமல் ஜனங்கள் அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். அந்த நினைவாக அன்றைக்கு மாவுப் பண்டம் யாரும் தொடுவதில்லை. பதிலுக்கு அரிசியைப் பந்தாக உருட்டிப் பொரித்த அரஞ்சீனாவை ஊரே வரிசையில் நின்று வாங்கித் தின்கிறது. எனக்கு இட்லி ஞாபகம் வந்தது. பொரித்த அரிசியைத் தின்றுவிட்டு விரதம் என்று சொல்லும் இன்னொரு ஜனம்! ஓடிவந்து நாசிக்காரியிடம் சொன்னேன்.

அன்று அவளுக்கும் விரதம். மார்கசீர்ஷ மாதத்து வியாழக்கிழமைகளில் மராத்திப் பெண்கள் லட்சுமிக்கு விரதம் இருப்பார்கள், அது முதல் வியாழன். செம்புக்கு மேல் தேங்காய் வைத்து, சுற்றிலும் எலுமிச்சை இலை செருகி, அடுப்பு மேடையின் ஓரத்தில் லட்சுமியை உட்கார வைத்திருந்தாள். சாயங்காலம் நைவேத்தியத்துக்குப் பூரண போளி செய்வதாக இருந்தது. நான் கதை சொல்லி முடித்ததும் பிசைய எடுத்த கோதுமை மாவை மறுபடி டப்பாவில் கொட்டி மூடினாள்.

"ஊரே கோதுமையைத் தள்ளிவைத்திருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு நான் மட்டும் எப்படி?"

பாயசம் வைத்தாள். பூஜை முடிந்து விரதத்தைக் கலைத்தது நான் வாங்கி வந்த கீரை வைத்த அரஞ்சீனாவால். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. இருக்கிற ஊரின் விதி. அதை மண்டையில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி பிறந்தது. வழக்கமாக நாசிக்கிலிருந்து தபாலில் வரும் புது நாட்காட்டி வரவில்லை. பதினாறு சங்கஷ்டி முடிந்திருந்தது, பதினேழாவது என்றைக்கு என்று அவளுக்குத் தெரிய வேண்டும். "உன் கணினி சொல்லுமா?" என்று கேட்டாள். கேட்க வேண்டுமா! இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். நிலாவும் சூரியனும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்துத் திதியைச் சொல்லும், பலெர்மோவில் நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்றும் சொல்லும். மொட்டை மாடியில் நின்று ஆன்டெனாக்களுக்கு நடுவே அவள் நிலாவைத் தேடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது. ஜூன் மாதத்தில் அது நள்ளிரவை நெருங்கித்தான் வரும்.

எழுதியதைச் சரிபார்க்காமல் விட்டால் என் தொழிலுக்கு அழகில்லை. முந்தைய நாட்காட்டிகளை அவள் எறியாமல் வைத்திருந்தாள். வட்டமிட்ட நாட்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினான்கு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை.

என் கணக்கில்தான் பிழை என்று முதலில் நினைத்தேன். இல்லை. நிலா உதிக்கும் நேரத்தில் சதுர்த்தி இருந்தால் அன்றைக்குச் சங்கஷ்டி, அதுதான் விதி. நாட்காட்டி அச்சானது மும்பைக்காக. அங்கே நிலா உதித்து நாலரை மணி நேரம் கழித்துத்தான் இங்கே உதிக்கும். அந்த இரண்டு நாட்களிலும் அந்த இடைவெளியில் சதுர்த்தி முடிந்து பஞ்சமி வந்துவிட்டது. பலெர்மோவுக்குச் சங்கஷ்டி முந்தின நாளே வந்து போயிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு குஷி. எவ்வளவு அழகான விஷயம்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆய்வகத்திலிருந்து அவள் வந்து செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினேன். நாட்காட்டிக்காரனுக்கு உலகத்தில் மும்பை மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "எந்த இரண்டு?" என்று கேட்டாள்.

"நாலாவதும் பதின்மூன்றாவதும்."

"அந்த நாட்களில் நான் உபவாசம் இருந்தது சதுர்த்தியில் இல்லையா?"

"பகலெல்லாம் சதுர்த்திதான். நிலா வந்தபோது பஞ்சமி."

"அப்படியென்றால் இடைவெளி விழுந்துவிட்டது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தாள். இரண்டு நாட்காட்டிகளையும் விரித்துவைத்து, பதினாறு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அவசரமே இல்லை. தூளை ஊதிவிட்டு ஊதிவிட்டு அழித்தாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இருபத்தொன்று முடிய ஏறக்குறைய இரண்டு வருஷம். படத்திலிருந்த பெண்ணுக்கு அதற்குள் பால்பல் எல்லாம் விழுந்து முளைத்துவிடும். "நான் சும்மா ஒரு கணக்குக்காக..." என்று ஆரம்பித்தேன். "கணக்கு சரிதானே?" என்று கேட்டாள். சரிதான். பொய் சொல்லியிருக்கலாம், அதற்கும் வாய் வரவில்லை. அச்செடுத்து வைத்திருந்த பலெர்மோ சங்கஷ்டிப் பட்டியலை வாங்கி மடித்து, கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டாள்.

இரண்டு நாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்றாம் நாள் கீழே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சினோராவுக்காகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் ஏன் அவவுக்கு அதைச் சொன்னனீர்?"

"தப்பா ஒண்ணும் சொல்லலையே அக்கா. உள்ளதைத்தான் சொன்னேன்."

"ஓம், உள்ளதுதான். உம்மட்டை ஆர் கேட்டது? அவ கேட்டது அடுத்த விரதம் எப்ப எண்டுதானே. முடிஞ்சதை ஏன் கிண்டினனீர்?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"இஞ்சை இருந்து நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒண்டும் ஆகாது. பிள்ளை வளருறது அங்கை. மாமியோடை ஒருக்காக் கதைக்கச் சொல்லும். வளர்க்கிற மனிசிக்குத் தெரியும்."

நாசிக்காரி ஏற்கெனவே அதற்குத்தான் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் விரதம் தப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அவள் பயந்தது அதற்கு. மறுநாள் மத்தியானம் போர்கோ வெக்கியோ பகுதியில் வெளிநாட்டுக்குப் பேசும் கடைக்குப் போனோம். நான் கேட்காமலே கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவள் பேசினாள், வெளியே பெஞ்சில் நான். மராத்தி தெரியாது, கதவும் சாத்தியிருந்தது. முதலில் அவள் தலை குனிந்திருந்தது தெரிந்தது. பிறகு நிமிர்ந்தாள். பிறகு பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கே போனதும் சொன்னாள்.

ஒவ்வொரு சங்கஷ்டிக்கும் அந்தப் பெண் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லையாம். முதல் மாதம் "உன் அம்மா நிலா வந்த பிறகுதான் சாப்பிடுவாள்" என்று மாமியார் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவளும் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நிலாவைக் கண்டதும் கீழே ஓடிவந்து, "அம்மா இப்போ சாப்பிடுவா, எனக்கும் போடு" என்பாள். இங்கே அந்த நேரம் நாலரை மணி, இவள் ஆய்வகத்தில் சோறு தொடாமல் குடுவை கழுவிக்கொண்டிருப்பாள். அது குழந்தைக்குத் தெரியாது. பதினாறு மாதமும் ஒருமுறைகூட விட்டதில்லை. தாயிடம் சொன்னால் குழந்தையைப் பட்டினி போடாதே என்று தடுத்துவிடுவாள் என்பதால் பாட்டியும் பேத்தியும் மூச்சு விடவில்லை.

"நாலாவதும் பதின்மூன்றாவதும்?" நானே கேட்டேன். என் புத்தி அப்படி.

"அந்த இரண்டு நாளும் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்த நிலாவில் சதுர்த்தி இருந்ததா?"

"இருந்தது."

"நான் விரதம் யாருக்காக இருக்கிறேன்?"

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்தாள். அழித்த இடமெல்லாம் தாள் மெலிந்திருந்தது. அதன் மேலேயே அழுத்தி ஒன்றிலிருந்து பதினாறு வரை எழுதினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பதினேழாவது சங்கஷ்டியின் தேதியை அவள் நாசிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று நாலரை மணிக்கு என் மேசையில் போன் அடித்தது. "இப்போது அவள் சாப்பிடுகிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் தன் நிலாவுக்கு ஒன்பது மணி வரை காத்திருந்தாள், நானும் இட்லி இல்லாமல் காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தப் போன் வந்தது.

மே மாதத்தில் இருபத்தொன்று முடிந்தது. அக்கா வந்து கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் போனது, ஜூலை போனது. எனக்குப் பிள்ளையார் மேல் கோபமே வந்தது, அவளுக்கு வரவில்லை. அவள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று எழுதிக்கொண்டே போனாள். தடையில்லாச் சான்று வந்தது மழைக்காலம் தொடங்கிய பிறகு. விசாவுக்கு இன்னும் இரண்டு மாதம். 2009 ஜனவரியில் கணவர் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மூன்று வாரம் இருந்து திரும்பிப் போனார். பெட்டியில் அந்த வருஷத்து நாட்காட்டியும் வந்திருந்தது. குழந்தைக்கு ஆறு வயசு ஆகியிருந்தது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "நீங்கதான் நிலா கணக்குப் போடுற ஆன்ட்டியா?" அம்மா மொழிபெயர்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிப்ரவரி மாதத்துச் சங்கஷ்டிக்கு ஒரு வாரம் முன்னால் நாசிக்காரி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு மடித்த தாள், எண்ணெய்க் கறையோடு. கரண்டி இழுப்பறையில் ஒரு வருஷம் கிடந்த என் பட்டியல்.

"இது போன வருஷத்துக்கு உள்ளது. இந்த வருஷத்துக்குப் போட்டுத் தா."

புது நாட்காட்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கஷ்டி நாட்களெல்லாம் அதிலேயே இருந்தன. கணினியைத் திறந்தேன். நிரல் முதலில் ஊரைக் கேட்கும். முன்பு பட்ட அனுபவத்தால் கை தயங்கியது.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன்.

இதுகூடத் தெரியாதா என்பது போல அவள் என்னைப் பார்த்தாள். சமையலறையில் குழந்தை நாற்காலியின் மேல் ஏறி நின்று நாட்காட்டியின் கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தது.

"அவள் எங்கே இருக்கிறாள்?" என்றாள்.

பலெர்மோ என்று அடித்தேன்.